மக்கள் துறை: தெட்போர்டு என்னும் சந்தையூரின் சரித்திரம்

ஆங்கிலேயரைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது பெரும்பாலும் இரு வகையில் அடங்கும். ஒன்று லண்டன் மாநகரம். மற்றொன்று முற்காலத்தில் தோட்டத்துப் பங்களாவில் வீற்றிருந்த துரை. இவ்விரண்டிற்கும் நடுவே அத்தேசத்துச் சாமானிய ஜனங்கள் உழுதும், விற்றும், கடன்பட்டும், வழக்காடியும் வாழ்ந்த சிற்றூர்களின் கதை நம் காதில் விழுவதில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துக் கிராணி உத்தியோகத்துக்கு வந்த நம் போன்றாருக்கும் அரசர் வரிசையும் யுத்த வரிசையுமே சரித்திரமென்று புகட்டப்பட்டன. ஆகலின் இவ்வாரம் ஒரு சிறு சந்தையூரை எடுத்துக்கொண்டு பேசுவோம். சந்தையூர் என்பது வாரத்தில் ஒரு நாளோ இரு நாளோ சந்தை கூட்டும் உரிமை பெற்று, சுற்றுவட்டாரக் குடியானவர்கள் தானியத்தையும் கால்நடையையும் கொண்டுவந்து விற்றுச் செல்லும் ஊர். இங்கிலாந்தில் இத்தகைய ஊர்கள் நூற்றுக்கணக்கில் உள. அவற்றுள் தெட்போர்டை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் போகப்போக விளங்கும்.

இங்கிலாந்தின் கிழக்கே, நார்போக் மாகாணத்தின் தென்னெல்லையில், தெட் என்னும் ஆறும் லிட்டில் ஊஸ் என்னும் ஆறும் கூடுமிடத்தில் இவ்வூர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் பெயருக்கு மக்கள் ஆற்றைக் கடக்கும் துறை என்பது பொருள். அரசன் பெயராலோ சாமியார் பெயராலோ அன்றி ஜனங்களின் பெயரால் ஓர் ஊர் வழங்குவது நமக்குப் பிடித்திருக்கிறது. ரோமாபுரியார் வருமுன்னரே இங்கு ஐசீனி என்னும் குலத்தார் பெரியதோர் வளாகத்தை அமைத்திருந்தனர். ரோமரை எதிர்த்துப் போராடிய பூடிக்கா ராணியின் அரண்மனை அதுதான் என்று ஊரார் பெருமை பேசுவர். தோண்டிப் பார்த்த ஆராய்ச்சியாளரோ அது வழிபாட்டிடமாக இருந்திருக்கலாமென்பர். 1979இல் அவ்விடத்தருகே ரோமர் காலத்துப் பொன் நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் அகப்பட்டன. அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 869ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் டேனியர் படை இவ்வூரில் தங்கியது. 1004இல் அதே டேனியர் இதைச் சுட்டெரித்தனர். ஊர் மீண்டும் எழுந்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின், புதிய அரசன் 1086இல் தேசம் முழுதும் நிலக்கணக்கு எடுப்பித்தான். முன்னரசன் காலத்தில் தெட்போர்டில் 943 நகரத்தார் இருந்தனரென்றும், இப்போது 720 பேர் இருக்க, 224 வீடுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்றும் அக்கணக்கு கூறுகிறது. கூட்டிப் பார்த்தால் 944 வருகிறது. தோட்டத்துச் செக்ரோலில் இப்படி ஒன்று மிகுந்தால் எத்தனை கேள்வி வருமென்று நாம் அறிவோம். தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முந்திய அந்தக் கிராணியை யார் கேட்டார்களோ! வேடிக்கை நிற்க, 224 வெறும் வீடுகள் என்பது சிறு செய்தியன்று. புதிய எஜமானர்கள் வந்த இருபதே வருஷங்களில் ஊரின் நாலில் ஒரு பங்கு காலியாயிற்று. அவர்கள் எழுப்பிய கோட்டை மேடு மட்டும் இங்கிலாந்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இன்றும் புல் மூடி நிற்கிறது. மேட்டின் மேலே கோட்டையில்லை.

கொஞ்ச காலம் கிறிஸ்தவ மேற்றிராணியாரின் பீடம் இங்கே இருந்து, பின்பு நாரிச் நகருக்குப் போயிற்று. 1103ஆம் வருஷத்தையொட்டி ரோஜர் பைகாடு என்னும் பிரபு ஒரு பெரிய துறவிமடத்தை நிறுவினார். அம்மடம் நானூற்று முப்பது வருஷங்களுக்கு மேல் நிலமும் பொருளும் பெற்று வாழ்ந்து, 1540இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மூடப்பட்டது. செதுக்கிய கற்களை ஜனங்கள் பெயர்த்துக்கொண்டு போய்த் தங்கள் வீடுகளுக்கு வைத்துக்கொண்டனர். எஞ்சிய சிக்கிமுக்கிக் கல் சுவர்களைச் சுற்றி இன்று புல்வெளி.

இனி இவ்வூரின் அரசியல் யோக்கியதையைப் பார்ப்போம். தெட்போர்டுக்குப் பார்லிமெண்டில் முன்பு இரண்டு ஸ்தானங்கள் இருந்தன. அவ்விருவரையும் தேர்ந்தெடுக்கும் பாத்தியதை ஊர் ஜனங்களுக்கில்லை. நகரசபையைச் சேர்ந்த சுமார் 31 பேருக்கே இருந்தது. அந்த 31 பேரும் சில மைல் தொலைவில் யூஸ்டன் மாளிகையில் வாழ்ந்த கிராப்டன் பிரபுவின் குடும்பத்தாருடைய முகக்குறிப்பைப் பார்த்தே பெரும்பாலும் வோட்டளித்து வந்தனர். அக்காலத்தில் இது ஓர் அதிசயமன்று. தேசமெங்கும் இத்தகைய 'அழுகிய தொகுதிகள்' இருந்தன. 1832ஆம் வருஷச் சீர்திருத்தத்தால் வோட்டர் தொகை பெருகிற்று. 1868இல் தொகுதியே ஒழிந்தது. இத்துடன், ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் மாகாணத்தின் பெரிய நியாயஸ்தலம் இவ்வூரில் கூடும். ஜட்ஜுகள் வருவர், விடுதிகள் நிறையும், நாடகக்காரர் வருவர், முடிவில் ஊர்ப்புறத்து மேட்டில் குற்றவாளிகளைத் தூக்கிலிடுவர். ஆடு திருடியவனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. 1830களின் தொடக்கம்வரை இந்த வழக்கம் இவ்வூரில் நடந்தது.

இந்தப் பிரபுவையும், இந்த 31 பேரையும், இந்தத் தூக்குமரத்தையும் பார்த்து வளர்ந்த ஒரு பையன்தான் தாமஸ் பெயின். இவ்வூரை நாம் எடுத்துக்கொண்டதன் முதற் காரணம் அவரே.

பெயின் 1737ஆம் வருஷம் ஜனவரி மாதம் 29ஆம் நாள் பிறந்தார். தந்தை பெண்களின் கச்சு தைக்கும் தொழிலாளி. குவேக்கர் என்னும் சிறுபான்மைச் சமயத்தினர். தாயோ ஆங்கிலச் சபையைச் சேர்ந்த வக்கீல் வீட்டுப் பெண். பையன் ஊர்க் கிராமர் பள்ளியில் சில வருஷம் படித்து, பதின்மூன்று வயதளவில் தந்தையின் தொழிலுக்கே வந்தான். பிறகு கப்பல், கடை, கச்சுத் தொழில் என்று பலவற்றில் கைவைத்து எதிலும் நிலைக்காமல், கடைசியில் சர்க்காரின் கலால் வரி உத்தியோகத்தில் அமர்ந்தான். குதிரையேறி ஊரூராய்ச் சென்று சாராயம், தேயிலை, புகையிலை முதலியவற்றைக் கணக்கிட்டு வரி விதிப்பதே அவ்வேலை. ஜனங்கள் வெறுக்கும் வேலை; மேலதிகாரி சந்தேகிக்கும் வேலை.

உலகம் பெயினை அமெரிக்க சுதந்தரத்தின் எழுத்தாளராக அறியும். ஆனால் அவர் முதன்முதலில் எழுதிய பெரிய பிரசுரம் சம்பள உயர்வு கேட்டு எழுதிய மனு என்பதைப் பலர் அறியார். கிராணிகளாகிய நாம் அதைச் சற்று நின்று பார்ப்பது நியாயம். 1772இல் அவர் தம் சக உத்தியோகஸ்தர்களுக்காக அதை எழுதினார். கணக்கு இதுதான். கலால் உத்தியோகஸ்தரின் வருஷச் சம்பளம் 50 பவுன். வரியும் சில்லறைப் பிடித்தங்களும் போக 46 பவுனுக்குச் சற்று அதிகமாகக் கைக்கு வரும். உத்தியோகத்துக்குக் குதிரை வேண்டும். அதற்குத் தீனி சர்க்கார் போடாது. குதிரைக்கு வருஷம் 14 பவுன். மிஞ்சுவது 32 பவுன். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் ஒன்பதே கால் பென்ஸ். இதில் வீட்டு வாடகை, பெண்டு பிள்ளைகள், உடை எல்லாம் அடங்கவேண்டும். அடிக்கடி மாற்றல் வேறு. உற்றார் உறவினர் உதவியுமில்லை. இப்படிப்பட்டவன் கையில் சர்க்கார் பணத்தைக் கொடுத்து, நேர்மையாயிரு என்று உபதேசித்தால் பயனென்ன என்று பெயின் கேட்டார். வறுமை ஒருவனைக் குற்றத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. அவ்வாசலில் நின்று சன்மார்க்கம் பேசுவது வயிறு நிறைந்தவர்க்கு எளிது என்பது அவர் வாதத்தின் சாரம்.

4,000 பிரதிகள் அச்சாயின. தேசமெங்குமுள்ள உத்தியோகஸ்தர்கள் காசு சேர்த்துக் கொடுத்தனர். பெயின் ஒரு குளிர்காலம் முழுவதும் லண்டனில் தங்கிப் பார்லிமெண்டு மெம்பர்களைச் சுற்றிச்சுற்றி வந்தார். மனு குப்பைக் கூடைக்குப் போயிற்று. 1774இல் அவருடைய வேலையும் போயிற்று. வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விற்றுவிட்டு, அவ்வருஷ முடிவில் அமெரிக்கா சேர்ந்தார். 1776 ஜனவரியில் 'பொது அறிவு' என்னும் சிறு புத்தகத்தை வெளியிட்டார். மன்னராட்சியே வேண்டாம், பிரிந்து போவோம் என்று அமெரிக்கக் குடியேற்றவாசிகளை எழுப்பிவிட்ட புத்தகம் அதுவே. அதே வருஷம் ஜூலையில் சுதந்தரம் பிரகடனமாயிற்று. ஐம்பது பவுன் உத்தியோகஸ்தருக்குச் சில பவுன் கூட்டிக்கொடுத்திருந்தால் ஆங்கில சர்க்காருக்கு ஒரு கண்டம் மிஞ்சியிருக்கும் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் அப்படி எண்ணிப் பார்ப்பதில் நமக்கொரு திருப்தியுண்டு.

பின்னர் 1791இலும் 1792இலும் இரண்டு பாகமாக அவர் எழுதிய 'மனிதனின் உரிமைகள்' தெட்போர்டில் கண்டதையெல்லாம் மனத்தில் வைத்து எழுதியது போலிருக்கிறது. பிறப்பால் வரும் பட்டமும் ஆட்சியும் ஏன்? கைப்பிடி மனிதர் பார்லிமெண்டை நியமிப்பதேன்? ஏழைகள் மட்டும் தூக்கில் தொங்குவதேன்? கேள்வியோடு அவர் நிற்கவில்லை, மறுபடியும் கணக்கெழுதினார். ஏழைக் குடும்பத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷம் 4 பவுன். ஐம்பது வயதான ஏழைக்கு 6 பவுன். அறுபதுக்கு மேல் 10 பவுன். இது தருமமன்று, அவர்கள் கட்டிய வரியிலிருந்து திரும்பப் பெறும் உரிமை என்றார். இங்கிலாந்தில் முதியோருக்கு சர்க்கார் பென்ஷன் சட்டம் வந்தது 1908இல். அதுவும் எழுபது வயதுக்கு மேல்.

பிறந்த நாடு அவருக்கு அளித்த சன்மானம் ராஜ நிந்தனை வழக்கு. 1792 டிசம்பரில், அவர் பிரான்சுக்குப் போய்விட்ட பின், இல்லாதபோதே விசாரித்துக் குற்றவாளியென்று தீர்த்தனர். ஊரூராய் அவர் கொடும்பாவியைக் கொளுத்தினர். பிரான்சிலோ, அரசனைக் கொல்ல வேண்டாம், நாடு கடத்தினால் போதும் என்று வாதாடியமையும் காரணமாகிப் பத்து மாதம் சிறையில் கிடந்தார். கடவுள் ஒருவருண்டு என்று ஒப்புக்கொண்டு, வேதங்களின் அதிகாரத்தையும் குருமார் ஆட்சியையும் மறுத்து அவர் எழுதிய 'பகுத்தறிவின் காலம்' அமெரிக்க நண்பர்களையும் பகைவராக்கிற்று. 1809இல் நியூயார்க்கில் இறந்தபோது சவத்தின் பின்னே சென்றவர் ஒரு கை விரலுக்குச் சற்று மேல். பத்து வருஷங்கழித்து வில்லியம் காபெட் என்னும் பத்திரிகாசிரியர், முன்பு பெயினைத் தூஷித்தவர், மனம் மாறி எலும்புகளைத் தோண்டியெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். நினைவுமண்டபம் கட்ட எண்ணினார், பணம் சேரவில்லை. எலும்புகள் போன இடம் தெரியவில்லை. புத்தகமோ தொலையவில்லை. மகாராஷ்டிரத்தில் தோட்டக்கார சாதியில் பிறந்த ஜோதிராவ் புலே வாலிப வயதில் 'மனிதனின் உரிமைகளை'ப் படித்தார். சாதி ஆதிக்கத்தை எதிர்த்து அவர் செய்த பணியை நம் வாசகர்கள் அறிவர்.

தெட்போர்டு தன் மகனை வெகுகாலம் மறந்தேயிருந்தது. உலக யுத்தத்தின்போது அருகிலுள்ள நெட்டிஷால் விமானத்தளத்தில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் 1943இல் அவர் நினைவாக ஒரு செப்புப் பலகையை ஊரில் பதித்தனர். பொன்முலாம் பூசிய சிலை 1964இல் எழுந்தது. அதற்கும் பணம் அமெரிக்காவிலிருந்தே வந்தது. ராஜத்துரோகிக்குச் சிலையா என்று முணுமுணுத்தவரும் உண்டு. பிறப்பால் ஆங்கிலேயர், ஆணையால் பிரெஞ்சுக் குடிமகன், தத்தெடுப்பால் அமெரிக்கர் என்ற பொருள்பட அதன் பீடத்தில் பொறித்திருக்கின்றனர். கையில் பிடித்திருக்கும் புத்தகம் தலைகீழாக இருக்கிறது. காண்போர் ஏன் என்று கேட்கட்டுமென்றே சிற்பி அவ்வாறு வைத்தார் என்பர்.

பெயினுக்குப் பின் ஊருக்குச் சோறு போட்டது பர்ரல் குடும்பத்தாரின் நீராவி இயந்திரச் சாலை. வயலை உழவும் கதிரடிக்கவும் பாரமிழுக்கவும் அவர்கள் செய்த இயந்திரங்கள் பேர் பெற்றவை. எண்ணெய் இயந்திரம் வந்தது, நீராவி தோற்றது, 1928இல் சாலை மூடிற்று. அதே சமயத்தில் ஊரைச் சுற்றி வேறொரு மாறுதல். அப்பிரதேசம் மணற்பாங்கு, முயல் வளர்ப்புக்குத்தான் ஏற்றது என்று துறவிகள் காலத்திலேயே கண்டவர்கள். முதல் உலக யுத்தத்தில் தேசத்து மரமெல்லாம் செலவாய்விட்டமையால், சர்க்கார் வனக் கமிஷன் 1922 முதல் அம்மணலில் பைன் மரங்களை நட்டது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரை முகாம்களில் தங்கவைத்து அக்காட்டுப் பிரதேசத்தில் வேலை வாங்கினர். பிரிட்டனின் சமவெளிகளில் மனிதர் நட்ட காடுகளில் இதுவே பெரிது. படத்தைப் பார்க்கும்போது நமக்கு வியப்பில்லை: நேரான நிரை, ஒரே வயது, ஒரே உயரம். பால்மரத்துக்குப் பதில் பைன், அவ்வளவே.

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். 1904ஆம் வருஷத்தில் தெட்போர்டு நகரசபை டாக்டர் ஆலன் மின்ஸ் என்பவரை மேயராகத் தேர்ந்தது. அவர் மேற்கிந்தியத் தீவுகளில் பகாமாசில் பிறந்த கறுப்பர். லண்டனில் வைத்தியம் படித்து இவ்வூரில் தொழில் நடத்தியவர். பிரிட்டனிலேயே கறுப்பர் ஒருவர் மேயரானது அதுவே முதன்முறை. ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் வெள்ளையர் கூறுபோட்டு ஆண்ட அந்நாளில், கோடரிக்கும் கலப்பைக்கும் பேர்போன ஓர் ஊர் தனக்குத் தலைவராகக் கறுப்பரை ஏற்றது. நோயாளிக்கு வைத்தியர் நிறம் தெரியாது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். ஆனால் மேயர் வேறு. நாற்காலியில் அமர்ந்து கனவான்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் அவர்.

நம் தேசத்தவர் ஒருவரின் சம்பந்தமும் ஊருக்குண்டு. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கை 1849இல், பத்து வயதில், கும்பினியார் ராஜ்யத்தினின்று நீக்கிக் கோகினூர் வைரத்தையும் எடுத்துக்கொண்டனர். இங்கிலாந்து சேர்ந்த அவர் 1863இல் தெட்போர்டுக்கருகே எல்வடனில் சுமார் 17,000 ஏக்கர் நிலம் வாங்கி, பறவை வேட்டையில் காலம் போக்கினார். பின்னாளில் ராஜ்யத்தைத் திரும்பக் கேட்டு அலைந்து, 1893இல் பாரிசில் இறந்து, எல்வடன் மாதாகோயிலில் அடங்கினார். அவர் மகன் பிரடெரிக் தெட்போர்டில் மரவேலைப்பாடமைந்த பழைய வீடொன்றை வாங்கி 1921இல் ஊருக்கே கொடுத்தார். இன்று அது காட்சிசாலை. ஆற்றிடைத் தீவில் மகாராஜா குதிரைமேல் அமர்ந்த சிலை 1999இல் திறக்கப்பட்டது. சீக்கியர் தொலைவிலிருந்து வந்து பார்த்துச் செல்கின்றனர். மூன்றாவது சிலை ஒன்றும் 2010இல் எழுந்தது. இங்கே படம் பிடிக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நாடகத்தின் கற்பனைக் கேப்டனுக்கு. கலகக்காரர், ராஜ்யமிழந்தவர், பிறக்கவேயில்லாதவர் என மூவரும் அமைதியாகச் சேர்ந்திருக்கின்றனர்.

இனி இக்காலம். பர்ரல் சாலை போனபின் தேய்ந்த ஊர், 1957இல் லண்டன் சபையோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நெருக்கடியான லண்டன் தெருக்களிலிருந்து குடும்பங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. ஐயாயிரம் பேருக்குக் குறைவாயிருந்த ஊர் 2011ஆம் வருஷக் கணக்கில் 24,000க்கு மேலாயிற்று. வந்த லண்டன்காரரைப் பழைய ஊரார் அன்னியராய்ப் பார்த்தனர். அந்த லண்டன்காரர் பிள்ளைகள் ஊராரான பின், 1990களின் இறுதி முதல் போர்த்துக்கீசியரும், 2004க்குப் பின் போலிஷ்காரரும் லித்துவேனியரும் வந்தனர். கோழி அறுக்கும் ஆலை, காய்கறி கட்டும் சாலை, வயல் இவற்றிலே வேலை. ஆள் சேர்த்துக் கொடுப்பவர் இடையிலே நின்று கூலி, தங்குமிடம், போக்குவரத்து மூன்றையும் தம் கையில் வைத்துக்கொள்ளும் முறை. நம் பாட்டனார் அறிந்த கங்காணி முறைதான் இது! நார்போக்குக்கும் இது புதிதன்று. சிறுவர் சிறுமியரைக் கும்பலாக ஓட்டி வயல்வேலை வாங்கிய தலைவர்களை அடக்க 1867இலேயே சட்டம் செய்தனர். மார்க்கம் கடற்கரையில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர் இருபதுக்கு மேற்பட்டோர் 2004 பிப்ரவரியில் அலையில் மாண்டபின், அவ்வருஷமே கங்காணிகள் லைசென்ஸ் பெறவேண்டுமென்று மறுபடியும் ஒரு சட்டம் வந்தது. 137 வருஷ இடைவெளியைக் கவனிக்க.

அதே 2004 ஜூன் 24ஆம் நாள், கால்பந்துப் பந்தயத்தில் போர்த்துக்கல் இங்கிலாந்தை வென்ற இரவில், தெட்போர்டில் போர்த்துக்கீசியர் கூடியிருந்த ஒரு மதுவிடுதியைச் சுமார் இருநூறு பேர் சூழ்ந்து கல்லும் புட்டியும் எறிந்தனர். 'மனிதனின் உரிமைகளை' ஏந்தி நிற்கும் பொற்சிலைக்கும் அவ்விடத்துக்கும் அதிக தூரமில்லை. போலீசார் வந்து உள்ளிருந்தவர்களைக் காத்தனர். கலகக்காரர் சிலர் பின்னர் தண்டனை பெற்றனர். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று வோட்டெடுத்தபோது, தெட்போர்டு அடங்கிய பிரெக்லாண்டு வட்டாரத்தில் 100க்கு 64 பேர் விலகவே சொன்னார்கள். கல்லெறிந்தவரையும் வோட்டுப் போட்டவரையும் நாம் ஒன்றாக எண்ணவில்லை. ஆலையில் கூலி தாழ்கிறது, வீட்டு வாடகை ஏறுகிறது, வைத்தியசாலையில் வரிசை நீள்கிறது என்ற குறைகள் மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் கூலியைத் தாழ்த்தியவர் யார் என்பது வேறு கேள்வி. பெயினாயிருந்தால் முதலில் ஆலைக்காரரின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டிருப்பார். இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வந்து வேலைக்கு நிற்கும்போது, நம் லயத்துக் கிழவர்களே "வந்தேறிகள்" என்று வாய்தவறிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சொன்னவரின் தகப்பனார் ரஜூலா கப்பலில் வந்தவர்.

ஒன்றியத்தினின்று பிரிட்டன் விலகியபின், அங்கே ஏற்கெனவே குடியிருந்த போர்த்துக்கீசியரும் மற்ற ஐரோப்பியரும் தொடர்ந்து தங்கும் உரிமைக்கு மனுச் செய்யவேண்டியதாயிற்று. 2021 ஜூன் 30 கடைசி நாள். எத்தனை வருஷமாய் இங்கிருக்கிறாய், அதற்கு அத்தாட்சி என்ன, இடையில் எத்தனை மாதம் வெளியே போனாய் என்னும் கேள்விகள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் முதியோருக்காக இத்தகைய பாரங்களை நிரப்பிக் கொடுத்த கிராணிகளுக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். தெட்போர்டில் செவ்வாயும் சனியும் சந்தை கூடுகிறது. போர்த்துக்கீசியர் காப்பிக்கடையும், கிழக்கு ஐரோப்பியர் மளிகைக்கடையும், மகாராஜா குடும்பத்தார் கொடுத்த வீடும், பழைய ஆங்கில விடுதியும் ஒரு சிறு நடையில் அடங்கிவிடும். இரண்டு ஆறுகளும் அதே துறையில்தான் கூடுகின்றன.